வேற என்ன செய்யுது?

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாரம் தவறாமல் பார்த்த ஒருவரின் பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் மறதி இல்லை, படிவம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிச் சீட்டில் நோயாளியின் பெயர், வயது, ஊர், பிரிவு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. உடன் வருபவருக்குக் கட்டம் இல்லை. அந்தச் சீட்டை வடிவமைத்தவன் நான்தான். அடக்கமாக இருக்கிறது என்று அப்போது பாராட்டினார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. திண்டுக்கல்லைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கா பஞ்சம். நான் அதில் சீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர். அதாவது, டாக்டர் யாரைப் பார்ப்பார் என்பதை டாக்டருக்கு முன்பே தீர்மானிக்கிறவன்.

வரிசையில் எல்லோரும் அவரை மில்லு அக்கா என்றார்கள். நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம், நூற்பாலையில் வேலை. புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். தம்பிக்கு மனநோய், காதில் ஆட்கள் பேசுவார்கள். எங்களிடம் மனநலப் பிரிவு வியாழக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாட்களில் யாருக்கும் மனம் கெடக்கூடாது என்பது ஏற்பாடு. அவர் மில்லில் யார் யாரிடமோ பேசித் தன் வார லீவை வியாழனுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் துணி துவைக்கவும் தூங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் வைத்திருந்த நாளை அவர் எங்கள் சிமெண்டு பெஞ்சில் செலவழித்தார்.

முதலில் தம்பியோடு மட்டும்தான் வந்தார். பிறகு அந்தக் காலைப் பஸ்ஸில் பூ மூட்டைகளுக்கு நடுவே தம்பியைப் போலவே தலையைக் குனிந்துகொண்டிருக்கும் இன்னொரு பையனைப் பார்த்திருக்கிறார். கொடைரோட்டில் ஒருவர் ஏறினார். சின்னாளபட்டியில் ஒரு பெண். ஓராண்டுக்குள் வியாழக்கிழமை என்றால் ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் இறங்கி வருவார்கள். யாரும் அவருக்குச் சொந்தம் இல்லை. எந்தச் சங்கமும் அவரை அனுப்பவில்லை. இது எனக்குப் பெரிய உறுத்தல். ஒருவர் ஒரு காரியத்தைச் செய்தால் அவரைச் செய்யச் சொன்ன ஆணை எங்காவது இருக்க வேண்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான்.

அவருக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பார். ஒருநாள் என் காலையும் பார்த்தார். எரிச்சலாக இருந்தது.

"ஏம்மா, மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டியா?"

"மூஞ்சிக்கு பவுடர் போட்டு வந்துருவாக சார். காலுக்கு என்னத்த போடுறது? எட்டு மணி நேரம் மெசினு முன்னால நின்னவளுக்குத் தெரியும். உங்களுக்கு வலது கால் வீங்கியிருக்கு. நாற்காலிய விட்டு செத்த நேரம் எந்திரிச்சு நடங்க."

இரண்டாவது பழக்கம் ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் அவர் யாரையும் டாக்டர் அறைக்குள் அனுப்பியதில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார மாட்டார். எதிரே தரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொள்வார். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, சாகலாம் போலிருக்கிறது என்று அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் கேட்பார்:

"சரி. வேற என்ன செய்யுது?"

நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். தென்னந்தோப்புக்காரர். ஆறு மாதமாகப் பேச்சே குறைந்துபோய், சோறும் குறைந்துபோனவர். அவரிடம் அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"வேற என்னத்தைங்க அம்மிணி சொல்றது. தென்னைக்கு வெள்ளை ஈ புடிச்சிருக்குதுங்க. மட்டையெல்லாம் கருகருன்னு ஆயிப்போச்சுங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்கய்யா."

"ஏனுங்க, தென்னைக்கு இங்க எங்கீங்க மருந்து?"

"தென்னைக்கு இல்லைங்கய்யா. தூக்கம் என்னிக்குப் போச்சுன்னு கேப்பாருல்ல, ஈ வந்த அன்னிக்குன்னு சொல்லுங்க. வெறும் தூக்கம் வரலன்னா வெறும் மாத்திரைதான் குடுப்பாரு."

பெரியவர் உள்ளே போய் அப்படியே சொன்னாராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாராம். மாத்திரையோடு வேளாண் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மருந்தகத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் குழம்பினார்கள்.

சின்னாளபட்டிப் பெண் தறிக்காரக் குடும்பம். படபடப்பு என்று வந்தார். மூன்று ஆண்டுகளாகப் படபடப்புக்கு மாத்திரை. மில்லு அக்கா இந்தக் கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அக்கா எழுந்து நேராக என் சன்னலுக்கு வந்தார்.

"சார், இதுக்கு இன்னொரு சீட்டு வேணும். பொம்பளைங்க டாக்டருக்கு."

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதாம்மா."

"அப்ப நாளைக்கு வரச் சொல்லவா? மாசத்துல பாதி நாள் போகுதாம் சார் இதுக்கு. ஒடம்புல ரத்தம் இருந்தாத்தான நெஞ்சு ஒழுங்கா அடிக்கும்?"

அன்று ஏதோ நல்ல மனநிலையில் இருந்திருக்கிறேன். சீட்டைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். படபடப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. நான் அதை ஒரு விதிவிலக்கு என்று மனதுக்குள் பதிவு செய்துகொண்டேன். விதிவிலக்கு என்பது இன்னொரு முறை நடக்கக்கூடாதது.

இங்கே முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனநலப் பிரிவு நோயாளிகளின் சீட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை இருக்கும். அதுவும் என் ஏற்பாடு. அவர்களுடைய மாத்திரைகள் தனிச் சன்னலில் கிடைக்கும். முத்திரை இருந்தால் அலையாமல் நேரே போகலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஊதா மை வேறொரு வேலையும் செய்தது. வயிற்றுவலி என்று பொதுமருத்துவப் பிரிவுக்குப் போனால் முத்திரையைப் பார்த்து, "வியாழக்கிழமை அங்கேயே காமிங்க" என்பார்கள். பல்வலி என்றாலும் அதே. முத்திரை குத்தப்பட்டவனுக்குப் பல் வலிக்காது. வலிப்பதாகத் தோன்றும்.

மில்லு அக்காவின் தம்பி ஒருநாள், காலில் எறும்பு ஊறுகிறது என்றான்.

இரண்டு பாதத்திலும் எறும்பு. உட்கார்ந்தால் ஊறுகிறது, படுத்தால் கடிக்கிறது. குனிந்து தட்டிவிட்டுக்கொண்டே இருப்பான். பொதுமருத்துவத்தில் முத்திரையைப் பார்த்து மனநலத்துக்கு அனுப்பினார்கள். மனநலத்தில் நூறு பேருக்கு ஒரு டாக்டர். இல்லாத எறும்பு காலில் ஊறினால் அவர் என்ன நினைப்பார்? மாத்திரையின் அளவைக் கூட்டினார். எறும்பு போகவில்லை. மறுபடி அங்கே, மறுபடி இங்கே. சீட்டு மட்டும் எந்தத் தவறும் இல்லாமல் சரியான வழியில் போய்வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை அக்கா என் சன்னலுக்கு வந்தார்.

"சார், தம்பிக்கு சீல் இல்லாத சீட்டு ஒண்ணு குடுங்க. இந்த ஒரு தடவ."

"சீல் இல்லாம செல்லாது."

"எறும்பு நெசமாவே ஊறுது சார்."

"எறும்பு எங்கம்மா இருக்கு? எனக்குத் தெரியலையே."

"எனக்கும் தெரியல. ஆனா அவனுக்கு பொய்யா கேக்குறதெல்லாம் எனக்குப் பழக்கம் சார். அது வந்தா ஒரு பக்கமா தலையச் சாச்சுக்குவான். யாரையோ வைவான். இது அது இல்ல. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடக்கான். நேத்து ஒத்தச் செருப்போட வீடு வந்து சேந்தான். 'ஏலே அப்பு, இன்னொண்ணு எங்கலே'ன்னா, குனிஞ்சு பாத்துட்டு அவனே பதறுறான்."

பைத்தியக்காரன் செருப்பைத் தொலைப்பதில் என்ன ஆச்சரியம் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லியும் விட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் ஊதா முத்திரைக்காரர்கள்தான்.

அவர் முகம் மாறவில்லை. குரல்தான் கொஞ்சம் உயர்ந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு வியாதிதான் வரணும்னு எந்த ஜீஓல சார் இருக்கு?"

வரிசை சிரித்தது. காவலரும் சிரித்தார். ஒரு அரசாணைக்கு எண்ணும் நாளும் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் நான். பதில் இல்லாத அதிகாரி செய்வதைச் செய்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துப் பக்கத்துச் சன்னலில் அவர் நின்றார். தம்பிக்கு வேறு பெயர் சொல்லி, புது நோயாளி என்று சீட்டு வாங்கிவிட்டார். பொதுமருத்துவம், முத்திரை இல்லை. நான் எழுந்துபோய் அந்தச் சீட்டைக் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். நான்காகக் கிழித்தேன். ரத்து செய்த சீட்டை இரண்டாகக் கிழித்தால் போதும் என்பதுதான் விதி.

அவர் குனிந்து தம்பியின் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டார். வார் இருந்த இடத்தில் பழைய துணியால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கழன்று விழாமல் இருக்க.

அடுத்த நாலு வியாழக்கிழமை அவர் வரவில்லை. அவரோடு வருகிறவர்கள் தாங்களாகவே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அவர் குந்தியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை வந்தார். திங்கட்கிழமையில் அவரை நான் பார்த்ததே இல்லை.

தம்பி கண்ணாடிச் சில்லை மிதித்திருக்கிறான். உள்ளே ஏறியது அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத அளவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. சர்க்கரை. எவ்வளவு நாளாகவோ இருந்திருக்கிறது. அவன் சாப்பிடும் வகை மாத்திரைகளில் சிலவற்றுக்குச் சர்க்கரையை ஏற்றும் குணம் உண்டு, அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று அறுவைப் பிரிவு டாக்டர் பின்னால் சொன்னார். நரம்பு கெடும்போது அப்படித்தான் இருக்குமாம். எறும்பு ஊறுவது போல. அவன் சொன்னது மொத்தமும் பாடப்புத்தகத்தில் இருந்தது. முத்திரை இல்லாத ஒருவன் சொல்லியிருந்தால் முதல் நாளே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருப்பார்கள்.

கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா உள்நோயாளிப் படிவத்தில் என் கையெழுத்துக்காக வந்திருந்தார். நான் பேனாவை எடுத்தேன். மூடியைத் திறக்காமலே தாளில் வைத்தேன். நெற்றியில் வேர்வை. அவர் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். காலை இல்லை, முகத்தை.

"என்ன சார் இம்புட்டு வேர்க்குது? சாப்டீகளா?"

"சாப்பிட்டேன்."

"மூடியக் கழட்டாமலே எழுதுறீக."

"ஒண்ணுமில்ல."

தாளை ஓரமாக நகர்த்தினார். பிறகு அந்தப் பெஞ்சில் மற்றவர்களிடம் கேட்பாரே, அதே குரலில், ஒரு துளி கூடக் குறையாமல் என்னிடம் கேட்டார்:

"வேற என்ன செய்யுது?"

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். அன்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சீட்டைக் கிழித்த கை இதுதான் என்று காட்டியிருக்கலாம்.

"ஒண்ணும் செய்யலம்மா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தேதியோடு.

அந்த வாரமே முத்திரையை ஒழித்தேன். ஒழித்தேன் என்று சொல்வது எளிது. அரசு உடைமையான ஒரு ரப்பர் முத்திரையைக் குப்பையில் போட முடியாது. பயன்படாப் பொருள் என்று மூன்று பேர் கொண்ட குழு பார்த்துச் சான்று தர வேண்டும். காரணம் என்ற இடத்தில், எழுத்து தேய்ந்துவிட்டது என்று எழுதினேன். எழுத்து கல்வெட்டு மாதிரி இருந்தது. உண்மைக் காரணத்தை எழுதியிருந்தால் கோப்பு மூன்று ஆண்டுகள் சுற்றியிருக்கும். பொய் என்பதால் மூன்றே நாளில் முடிந்தது. புது முத்திரைக்கு நான் எழுதவே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு என்று நான் எழுதிய விதியை மட்டும் எடுக்க முடியவில்லை. அது என் கையை விட்டு மேலே போய்விட்டிருந்தது.

அடுத்து அவர் வந்தபோது சீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஊதா இல்லை.

"இத போன மாசமே செஞ்சிருக்கலாம்ல சார்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவோ நிம்மதி. மழை வருமா என்று கேட்பது போலச் சொல்லிவிட்டு, நெய்க்காரப்பட்டிப் பெரியவர் முன்னால் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். தம்பி பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்தான். எறும்பு பற்றி அதன்பிறகு அவன் பேசவில்லை. இல்லாத பாதம் அரிக்கிறது என்று மட்டும் எப்போதாவது சொல்வான். அதையும் அவர் நம்பினார். டாக்டரிடம் சொல்லச் சொன்னார். அதற்கும் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது.

நான் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டுதான் அவரைத் தேடிப்போனேன். மனைவி இறந்த பிறகு தூக்கம் போய், மனநலப் பிரிவில் மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தேன். நிலக்கோட்டையில் இறங்கி, ஒரு ஆட்டோ பிடித்து, ஊருக்குள் போய், பெயர் தெரியாத ஒருவரை விசாரித்தேன். விதிமுறைகள் எல்லாம் தெரிந்தவன், தம்பிக்குக் கால் இல்லாத அக்கா வீடு எது என்று தெருவில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டம்மா களத்தில் பூவை உதறிக்கொண்டிருந்தார்.

"மில்ல மூடிட்டாகல்ல. அது தம்பியக் கூட்டிக்கிட்டு திருப்பூருப் பக்கம் போயிருச்சு. எங்கன்னு தெரியல. நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரில தெரியும்மா."

"மாத்திரை சாப்பிடுறவகளா?"

நான் அங்கே அதிகாரியாக இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமா," என்றேன்.

"அப்ப உக்காருங்க, தண்ணி தாரேன். உங்கள மாதிரி நெறய பேரு தேடி வாராக."

அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்க எனக்கு நேரமானது. அவர் பெயர் என்ன என்று கேட்கலாம் என்று கடைசி வரை நினைத்தேன். கேட்கவில்லை. அவரிடமே கேட்டிருக்க வேண்டியது. இன்னொருவரிடம் கேட்டு நிரப்பிக்கொள்ள அது படிவம் இல்லை.

போன வாரம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது எல்லாம் கணினி. சின்ன வயது டாக்டர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மனநலத்துல மாத்திரை எடுக்குறீங்களா சார்? அதான். பதட்டமா இருக்கும். அவங்ககிட்டயே டோஸ் கேட்டுக்கங்க."

முத்திரை தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தவன் நான். அது ஊதா மை இல்லாமல் திரைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எழுத்து இன்னும் தேயவில்லை.

வெளியே வந்து மறுபடி வரிசையில் நின்றேன். இரண்டாவது சீட்டுக்காக. என் முறை வந்தது. சன்னலில் ஒரு பெண், என் மகள் வயது.

"ஐயா, காலையிலயே ஒண்ணு போட்டிருக்கே. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதாங்கய்யா."

"தெரியும்மா. எழுதினவனே நான்தான்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவர், "பெருசு, சட்டுனு சொல்லிட்டு நகருங்க," என்றார். அந்தப் பெண் ஏதோ இரக்கப்பட்டு, விசைப்பலகையில் கைவைத்து, நிமிராமலே கேட்டாள்:

"சரி, சொல்லுங்க. வேற என்ன செய்யுது?"

சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என்னையறியாமல் திரும்பிப் பெஞ்சுக்கு முன்னால் அந்த வெறும் தரையைப் பார்த்தேன். யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள்.

"மூச்சு வாங்குதும்மா," என்றேன்.

விசைகளைத் தட்டினாள். "அப்புறம்?"

"ஒரு ஆளத் தேடுதும்மா," என்றேன்.

அவள் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். அதற்குக் கட்டம் இல்லை.